கண் பார்த்ததைக் கை செய்யுமா?



தாய் ஒருத்தி தன் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாள். குழந்தை வாயைத் திறக்கிறது. அந்த நேரத்தில் தாயின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். அவளுடைய வாயும் சற்றே திறந்திருக்கும். சோறு உண்பவள் அவள் அல்லள். ஆனாலும் வாய் திறக்கிறது. ஏன் என்று கேட்டால், "அப்படியா செய்தேன்?" என்று அவளே வியப்பாள்.

இன்னொரு காட்சி. மாலை வேளையில் திடலில் செப்பாக் தக்ரோ ஆட்டம் நடக்கிறது. ஆட்டக்காரர் ஒருவர் மேலே எழும்பிப் பந்தை உதைக்கப் பார்க்கிறார். கரையில் நிற்கின்றவர்களின் கால்களைப் பாருங்கள். ஒருவருடைய பாதம் தரையை விட்டு இலேசாக எழும்பும். இன்னொருவருடைய தோள் ஒரு பக்கம் சாயும். கோப்பிக்கடைத் தொலைக்காட்சியில் காற்பந்தாட்டம் பார்ப்பவர்கள் மேசைக்கு அடியில் காலை உதைத்துக்கொள்வதையும் நாம் கண்டிருக்கிறோம். பந்து இருப்பதோ எங்கோ ஒரு நாட்டில். உதை விழுவதோ நம் மேசைக் காலில்!

"கண் பார்த்ததைக் கை செய்யும்" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. மேலே சொன்ன காட்சிகளைப் பார்த்தால் அது உண்மைதான் என்று தோன்றுகிறது. ஆனால் உடனே ஓர் ஐயமும் எழுகிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களை நினைத்துக்கொள்வோம். விடியற்காலையில் தாயோடு நிரைக்குப் போய், மங்கு துடைத்து, கட்டிப்பால் பொறுக்கி, தாய் மரம் சீவுவதை ஆண்டுக்கணக்கில் அருகிலிருந்தே பார்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தப் பிள்ளை வளர்ந்து முதன்முதலாகப் பால் வெட்டும் கத்தியைத் தன் கையில் பிடித்த அன்று என்ன நடந்திருக்கும்? கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டிருக்கும். அல்லது பட்டை மேலோடு மட்டும் உதிர்ந்து பால் வராமல் போயிருக்கும். ஆயிரம் முறை கண் பார்த்ததைக் கை ஏன் செய்யவில்லை?

இது பொழுதுபோக்குக்காகக் கேட்கும் கேள்வி அன்று. தொழில் கற்கும் பிள்ளைக்கு எப்படிக் காட்டிக் கொடுப்பது, பக்கவாதத்தால் ஒரு கை விழுந்துபோன தந்தைக்கு எப்படி உதவுவது என்பவை எல்லாம் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கின்றன. ஆகவே, பிறருடைய அசைவைப் பார்க்கும்போது நம் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை இன்று சற்று விளக்கமாகக் காண்போம்.

பார்ப்பவர் உடல் அசைகிறது என்பதை அறிஞர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஆடம் ஸ்மித்தைப் பொருளாதார நூலாசிரியராகவே நம்மில் பலர் அறிவோம். அவர் 1759ஆம் ஆண்டில் மனித உணர்வுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கயிற்றின் மேல் ஆடும் கூத்தாடியை வேடிக்கை பார்க்கும் கூட்டம், அவன் சாய்வதற்கு ஏற்பத் தானும் உடலை வளைத்து நெளித்துச் சமன் செய்துகொள்கிறது என்று அதில் குறிப்பிட்டார். 1852ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கார்ப்பென்டர், மனத்தில் ஓர் எண்ணம் எழுந்தாலே, நாம் விரும்பாமலே, தசையில் சிறு அசைவு உண்டாகலாம் என்று எழுதினார். அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலில், ஓர் அசைவை மனத்தில் நினைப்பதே அந்த அசைவை ஓரளவு எழுப்பிவிடுகிறது என்று விளக்கினார்.

இவையெல்லாம் கூர்மையான கண்கள் கண்டறிந்த செய்திகள். ஆனால் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க அவர்களிடம் கருவி இல்லை. அந்தக் கருவிகள் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தன.

முதலில் மூளையின் அமைப்பில் ஒரு செய்தியை மட்டும் தெரிந்துகொள்வோம். ஒரு காதுக்கு மேலிருந்து உச்சந்தலை வரை விரலை வைத்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஏறத்தாழ அந்தக் கோட்டின் அடியில், மூளையின் மேற்பரப்பில், பட்டைபோல ஒரு பகுதி இருக்கிறது. கையை நீட்டு, விரலை மடக்கு, காலைத் தூக்கு என்று தசைகளுக்குக் கட்டளை புறப்படுவது அங்கிருந்துதான். அதை இயக்கப் பகுதி என்போம். மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் இயக்குகின்றன. இந்தப் பட்டைக்குச் சற்று முன்னால், அசைவைத் திட்டமிடும் பகுதி இருக்கிறது. கட்டளை எழுதப்படும் அறை அது என்றால், கட்டளையை அனுப்பும் அறை இயக்கப் பகுதி. கண்ணால் பார்க்கும் வேலைக்கு உரிய பகுதியோ தலையின் பின்புறத்தில், பிடரிக்கு மேலே இருக்கிறது. பார்ப்பது பின்பக்கம், செய்வது முன்பக்கம். இரண்டும் தனித்தனி வேலைகள் என்றுதான் நீண்ட காலம் எண்ணி வந்தார்கள்.

அந்த எண்ணத்தில் ஒரு விரிசலை உண்டாக்கியது பிரான்சு நாட்டில் நடந்த ஓர் ஆய்வு. மூளையில் எழும் மின்னலைகளைத் தலையின் மேல் ஒட்டிய தகடுகள் வழியாகப் பதிவு செய்யும் முறை அப்போது வழக்கத்துக்கு வந்திருந்தது. நாம் அசையாமல் இருக்கும்போது இயக்கப் பகுதியின் மேல் ஒரு வகை அலை சீராக ஓடிக்கொண்டிருக்கும். கையை அசைத்தால் அந்த அலை மறைந்துவிடும். 1954ஆம் ஆண்டில் காஸ்தோ, பெர் என்னும் இருவர், மக்களை உட்கார வைத்துத் திரைப்படம் காட்டியபடி இந்த அலையைப் பதிவு செய்தார்கள். படத்தில் குத்துச்சண்டைக் காட்சி வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை அசைக்கவில்லை. ஆயினும், தாமே கையை அசைத்ததுபோல், அந்த அலை மறைந்தது!

அதற்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, இத்தாலி நாட்டின் பார்மா நகரில் இன்னும் தெளிவான சான்று கிடைத்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஜாகோமோ ரிசோலாட்டி என்பவரும் அவருடைய குழுவினரும் மக்காக் இனக் குரங்குகளை ஆராய்ந்து வந்தார்கள். நம் நாட்டுச் சாலையோரங்களில் நாம் காணும் நீண்ட வால் குரங்குகளும் இதே இனத்தைச் சேர்ந்தவைதாம். குரங்கு ஒரு பொருளைக் கையால் பற்றும்போது, அசைவைத் திட்டமிடும் பகுதியில் எந்த நரம்பணுக்கள் வேலை செய்கின்றன என்று கண்டறிவதே அவர்களுடைய நோக்கம். நரம்பணு என்பது மூளையில் செய்திகளைக் கடத்தும் நுண்ணிய உயிரணு. முடியைவிட மெல்லிய கம்பியை அதன் அருகே வைத்தால், அது மின்துடிப்பு எழுப்புவதைக் கேட்கவும் அளக்கவும் முடியும்.

குரங்கு உணவை எடுத்தபோது சில நரம்பணுக்கள் துடித்தன. அது எதிர்பார்த்ததே. ஆனால் ஆய்வாளர் தம் கையால் உணவை எடுத்தபோதும், குரங்கு சும்மா பார்த்துக்கொண்டிருக்க, அவற்றுள் சில துடித்தன. செய்வதற்கென்று இருந்த நரம்பணு, பார்ப்பதற்கும் துடித்தது. 1992ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள். 1996ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவான கட்டுரையில், 532 நரம்பணுக்களைச் சோதித்ததில் 92 இவ்வாறு இருவகையிலும் துடித்தன என்று எழுதினார்கள். பிறர் செயலை நமக்குள் காட்டுவதால் இவற்றுக்குக் கண்ணாடி நரம்பணுக்கள் என்ற பெயர் ஏற்பட்டது.

வானொலி கேட்கும் நமக்கு இன்னொரு செய்தி சுவையாக இருக்கும். 2002ஆம் ஆண்டில் அதே பார்மா குழுவினர், இவற்றுள் சில நரம்பணுக்கள் ஓசைக்கும் துடிக்கின்றன என்று கண்டார்கள். நிலக்கடலையின் ஓடு உடையும் ஓசை, தாள் கிழியும் ஓசை ஆகியவற்றைக் கேட்டாலே போதும்; கடலையை உடைக்கும்போதும் தாளைக் கிழிக்கும்போதும் துடிக்கும் அதே நரம்பணு துடிக்கும். கண் இல்லாமலும் காது வழியாகச் செயல் உள்ளே போகிறது என்று பொருள்.

குரங்கின் கதை இருக்கட்டும். மனிதருக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நலமாக இருக்கும் மனிதரின் மூளைக்குள் கம்பியை வைக்க முடியாது. அதனால் வேறு வழி தேடினார்கள். தலைக்கு மேலே ஒரு காந்தச் சுருளைப் பிடித்து, இயக்கப் பகுதிக்கு நேராக ஒரு நொடிப்பொழுது காந்தத் துடிப்பை அனுப்பினால், கைத்தசை ஒரு முறை சுண்டி இழுக்கும். அந்த இழுப்பின் அளவைத் தோலின் மேல் ஒட்டிய தகடுகள் பதிவு செய்யும். இயக்கப் பகுதி ஏற்கெனவே விழிப்பாக இருந்தால் இழுப்பு பெரிதாக இருக்கும். உறக்கமாக இருந்தால் சிறிதாக இருக்கும்.

1995ஆம் ஆண்டில் ஃபடீகாவும் அவருடைய துணைவர்களும் இந்தச் சோதனையைச் செய்தார்கள். உட்கார்ந்திருப்பவருக்கு ஒருவர் பொருளை எடுத்துக் காட்டினார். பார்த்தவருடைய கைத்தசையின் இழுப்பு பெரிதாயிற்று. பொருளை மட்டும் காட்டியபோது அவ்வாறு ஆகவில்லை. அதுமட்டுமன்று, பொருளை எடுக்கத் தாமே கையை நீட்டினால் எந்தத் தசைகள் வேலை செய்யுமோ, பார்த்தபோதும் அதே தசைகள்தாம் விழிப்படைந்தன. 2001ஆம் ஆண்டில் மூளையைப் படமெடுக்கும் கருவியைக் கொண்டு செய்த ஆய்வில், வாயசைவைப் பார்க்கும்போது ஓரிடமும், கையசைவைப் பார்க்கும்போது இன்னோரிடமும், காலசைவைப் பார்க்கும்போது வேறோரிடமும் என, திட்டமிடும் பகுதி வரிசையாக வேலை செய்வது தெரிந்தது. சோறு ஊட்டும் தாயின் வாய் ஏன் திறக்கிறது, திடலின் கரையில் நிற்பவருடைய கால் ஏன் எழும்புகிறது என்பதற்கு இப்போது ஓரளவு விடை கிடைக்கிறது அல்லவா?

அப்படியானால் பார்ப்பதையெல்லாம் நாம் ஏன் செய்துவிடுவதில்லை? கயிற்றின் மேல் நடப்பவனைப் பார்த்தால் நாம் நடந்துவிடுவதில்லையே? காரணம், மூளை தூண்டும்போதே தடுக்கவும் செய்கிறது. 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு நேராகக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்களை ஆராய்ந்தார்கள். பிறர் செயலைப் பார்க்கும்போது அவற்றுள் சில துடித்தன. வேறு சில, செய்யும்போது துடிப்பவை, பார்க்கும்போது அடங்கிப்போயின. மாட்டைப் புறப்படச் சொல்லித் தட்டிக்கொண்டே மூக்கணாங்கயிற்றையும் இழுத்துப் பிடிப்பது போன்றது இது. அந்தக் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். பிரான்சு நாட்டு மருத்துவர் லெர்மித் 1980களில், மூளையின் முன்பகுதி பழுதடைந்த சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர் முன்னே உட்கார்ந்து தலையைச் சொறிந்தால் அவர்களும் சொறிவார்கள். கையைத் தட்டினால் அவர்களும் தட்டுவார்கள். செய்யுமாறு யாரும் சொல்லவில்லை. தடுக்கத்தான் அவர்களால் முடியவில்லை.

இப்போது, நாம் தொடக்கத்தில் விட்டுவந்த கேள்விக்குத் திரும்புவோம். தாய் மரம் சீவுவதை ஆண்டுக்கணக்கில் பார்த்த பிள்ளையின் கை ஏன் தடுமாறியது?

இதற்கு விடை இலண்டனில் நடனக்காரர்களிடம் செய்த ஆய்வுகளில் கிடைக்கிறது. 2005ஆம் ஆண்டில் கால்வோ மெரினோ என்பவரும் அவருடைய குழுவினரும், பாலே நடனம் ஆடுபவர்களையும், பிரேசில் நாட்டுக் கப்போயிரா ஆடுபவர்களையும், நடனமே அறியாதவர்களையும் அழைத்து, இருவகை ஆட்டங்களின் படக்காட்சிகளையும் காட்டினார்கள். பாலே ஆடுபவர் பாலேயைப் பார்த்தபோதும், கப்போயிரா ஆடுபவர் கப்போயிராவைப் பார்த்தபோதும்தான் மூளையின் அசைவுப் பகுதிகள் மிகுதியாக வேலை செய்தன. தாம் ஆடும் ஆட்டத்தையே மூளை நன்றாக எதிரொலித்தது.

ஆனால், பழக்கமான ஆட்டத்தை அடிக்கடி பார்த்ததால் அப்படி ஆயிற்றா, ஆடியதால் ஆயிற்றா? இதைப் பிரித்துப் பார்க்க மறு ஆண்டு ஓர் அழகான வழி கண்டார்கள். பாலேயில் ஆண்கள் மட்டும் ஆடும் அசைவுகள் சில. பெண்கள் மட்டும் ஆடுபவை சில. இரு பாலாரும் ஒரே கூடத்தில் பழகுவதால் ஒருவர் அசைவை மற்றவர் நாள்தோறும் பார்க்கிறார்கள், ஆனால் ஆடுவதில்லை. சோதித்தபோது, தாம் பார்த்து மட்டும் இருந்த அசைவுகளைவிடத் தாமே ஆடிய அசைவுகளுக்குத்தான் மூளையின் அசைவுப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. ஆண்டுக்கணக்கில் பார்த்தது ஒரு பக்கம். உடலால் செய்தது ஒரு பக்கம். இரண்டும் ஒன்றல்ல.

கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடமும் இதே உண்மை வெளிப்பட்டது. 2008ஆம் ஆண்டில் இத்தாலியில், ஒருவர் பந்தைக் கூடைக்குள் எறியும் படக்காட்சியை இடையில் நிறுத்திவிட்டு, "பந்து உள்ளே போகுமா, போகாதா?" என்று கேட்டார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள், ஆட்டங்களை ஓயாமல் பார்க்கும் பயிற்றுநர்களும் விளையாட்டுச் செய்தியாளர்களும், ஒன்றும் அறியாத புதியவர்கள் என மூன்று குழுவினர். ஆட்டக்காரர்கள் மற்ற இரு குழுவினரையும்விட முந்தியும் சரியாகவும் சொன்னார்கள். பந்து கையை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே, எறிபவருடைய உடலைப் பார்த்து அவர்களால் முடிவு கட்ட முடிந்தது. பார்ப்பதிலேயே காலம் கழித்தவர்களுக்கு அந்தக் கூர்மை இல்லை.

ஆகவே, பார்ப்பவர் உடலில் எழும் எதிரொலி, அந்த உடல் ஏற்கெனவே அறிந்ததைப் பொறுத்தது. நிரையில் நின்ற பிள்ளையின் கண், கத்தி இடமிருந்து வலமாகச் சரிந்து வருவதைப் பார்த்தது. ஆனால் பட்டை எவ்வளவு அழுத்தத்தை ஏற்கும், எந்த ஆழத்தில் கத்தி நின்றுவிட வேண்டும் என்பதைக் கண் பார்க்க முடியாது. அது தாயின் மணிக்கட்டுக்குள் இருந்தது.

அப்படியென்றால் அந்தப் பிள்ளை பார்த்த காலமெல்லாம் வீண்தானா? அதுவும் இல்லை. 2005ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆய்வாளர்களான மாட்டார், கிரிபிள் ஆகிய இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். இயந்திரக் கைப்பிடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, குறித்த புள்ளியை நோக்கிக் கையை நகர்த்த வேண்டும். இயந்திரமோ கையைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். முதலில் கை கோணலாகப் போகும்; பழகப் பழக நேராகும். இவ்வாறு ஒருவர் தவறித் தவறிக் கற்றுக்கொள்வதைப் படமாக எடுத்து மற்றவர்களுக்குக் காட்டினார்கள். பிறகு அவர்கள் கைப்பிடியைப் பிடித்தபோது, படம் பார்க்காதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எதிர்த் திசையில் தள்ளும் இயந்திரத்தோடு ஒருவர் பழகுவதைப் பார்த்தவர்களோ, பார்க்காதவர்களைவிட மோசமாகச் செய்தார்கள். பார்த்தது உள்ளே இறங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே சோதனையில் இன்னொன்றும் கண்டார்கள். படம் பார்க்கும்போது மனக்கணக்குப் போடச் சொன்னால், கற்றது குறையவில்லை. ஆனால் பார்க்கும்போது கையை வேறு விதமாக அசைத்துக்கொண்டிருக்கச் சொன்னால், பயன் குறைந்துவிட்டது. பார்த்துக் கற்பதற்கு நம்முடைய சொந்த அசைவு உறுப்பே தேவைப்படுகிறது; அதற்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் நன்றாகக் கற்க முடிவதில்லை.

சரி, கண்ணுக்கும் கைக்கும் உள்ள இந்த இணைப்பு பிறவியிலேயே வருவதா, பழக்கத்தால் வருவதா? 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகள் பெரியவர் நாக்கை நீட்டினால் தாமும் நீட்டுவதாகக் கூறிப் புகழ்பெற்றது. 2016ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. பழக்கத்தின் வலிமைக்கோ நல்ல சான்று உண்டு. 2007ஆம் ஆண்டில் இலண்டனில், பிறர் சுட்டுவிரலை அசைத்தால் நீங்கள் சுண்டுவிரலை அசைக்க வேண்டும், அவர் சுண்டுவிரலை அசைத்தால் நீங்கள் சுட்டுவிரலை அசைக்க வேண்டும் என்று சிலரைப் பழக்கினார்கள். பழகிய பின், பிறர் சுட்டுவிரல் அசைவதைச் சும்மா பார்த்தாலே அவர்களுடைய சுண்டுவிரல் தசை விழித்துக்கொண்டது! கண்ணுக்கும் கைக்கும் நடுவே உள்ள பாதையைப் பழக்கம் திருப்பிவிடவும் கூடும் என்பது இதனால் தெரிகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. கண்ணாடி நரம்பணுக்களைப் பற்றிய செய்தி பரவியபோது, உலகத்தில் பலரும் அளவுக்கு மீறி மகிழ்ந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்கு இந்த நரம்பணுக்கள் செய்யும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். மொழி தோன்றியது, இரக்கம் பிறப்பது, பிறர் மனத்தை அறிவது என எல்லாவற்றுக்கும் இவற்றையே காரணம் காட்டியவர்கள் உண்டு. 2014ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் கிரெகரி ஹிக்காக் ஒரு முழு நூல் எழுதி இவற்றை மறுத்தார். தம்மால் செய்ய இயலாத செயலையும் மனிதர் புரிந்துகொள்கிறார்களே என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. நமக்குப் பறக்கத் தெரியாது. ஆயினும் பறவை பறப்பது நமக்குப் புரிகிறது. ஆகவே, பார்க்கும்போது நம் இயக்கப் பகுதி விழிக்கிறது என்பதை உறுதியாகச் சொல்லலாம்; பிறரைப் புரிந்துகொள்வது முழுவதும் அதனால்தான் என்று சொல்லக் கூடாது.

இனி, இந்த அறிவு நம் வீட்டுக்கு எப்படிப் பயன்படும் என்று பார்ப்போம்.

பக்கவாதம் வந்த முதியவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வலக்கை சொன்னபடி கேட்பதில்லை. காலை முதல் மாலை வரை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்க்கிறார். வீட்டார், "பாவம், ஓய்வெடுக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அசையாத கை, நாள் செல்லச் செல்ல, அசைவதையே மறந்துபோகும்.

ஜெர்மனியில் 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்து நாளான நோயாளிகளுக்கு, அன்றாடக் கைவேலைகளைப் பிறர் செய்யும் படக்காட்சிகளைக் காட்டி, உடனே அதே வேலைகளைச் செய்யப் பழக்கினார்கள். நான்கு வாரம் இவ்வாறு செய்தபின், வேறு படம் பார்த்துப் பழகியவர்களைவிட இவர்களுடைய கை நன்றாக முன்னேறியிருந்தது. பயிற்சி முடிந்து எட்டு வாரங்களுக்குப் பின்னும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. இத்தகைய 12 ஆய்வுகளை, 478 நோயாளிகளின் விவரங்களோடு சேர்த்து மதிப்பிட்ட காக்ரன் அறிக்கை 2018ஆம் ஆண்டில் வந்தது. கைக்கு நன்மை உண்டு என்றும், ஆனால் சான்றின் தரம் இன்னும் உயர வேண்டும் என்றும் அது கூறியது. இது அற்புத மருந்து அன்று, மருத்துவமனைப் பயிற்சிக்கு மாற்றும் அன்று, அதற்குத் துணை.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் பார்த்ததோடு நிற்கவில்லை என்பதே. பார்த்தார்கள், உடனே செய்ய முயன்றார்கள். தொலைக்காட்சியில் நாள் முழுவதும் குத்துச்சண்டை பார்த்தால் கை வந்துவிடாது. பிசியோதெரபி தருபவரைக் கலந்துகொண்டு, அவர் சொல்லும் பயிற்சியோடு சேர்த்து, வீட்டில் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்காரலாம். "அப்பா, என் கையைப் பாருங்கள்" என்று சொல்லி, தேநீர்க் குவளையை மெதுவாக எடுத்துக் காட்டலாம். பிறகு அவரை முயலச் சொல்லலாம். அவர் வாழ்நாளெல்லாம் செய்து பழகிய வேலைகளையே தேர்ந்தெடுப்பது நல்லது: குவளை எடுப்பது, துண்டு மடிப்பது, கைலியை இழுத்துக் கட்டுவது. அந்த உடல் அவற்றை முன்பே அறிந்தது அல்லவா?

பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக் கொடுப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. தையலோ சமையலோ, ரொட்டி சானாய்க்கு மாவை வீசுவதோ, எதுவாயினும் பிள்ளையை எதிரே நிறுத்தாமல் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள். எதிரே நின்றால் உங்கள் வலம் அவனுக்கு இடமாகத் தோன்றும். பார்க்கும்போது அவன் கை வேறு வேலையில் இல்லாமல் இருக்கட்டும். உங்கள் தேர்ந்த கையை மட்டும் காட்டாமல், பழகிக்கொண்டிருக்கும் இன்னொருவர் தவறுவதையும் திருத்துவதையும் பார்க்க விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீண்ட நேரம் நிறுத்தி வைத்துக் காட்டாதீர்கள். கொஞ்சம் காட்டுங்கள், உடனே கருவியை அவன் கையில் கொடுங்கள், மறுபடி காட்டுங்கள். ஒரு முறை செய்து பார்த்த கையோடு மறுபடி பார்க்கும் பிள்ளை, முதலில் பார்த்ததைவிடக் கூடுதலாகவே பார்ப்பான். "இத்தனை நாள் பார்த்தாயே, இன்னுமா வரவில்லை?" என்று அவனைக் கடிந்துகொள்வதில் பொருள் இல்லை. அவன் கண் தன் வேலையைச் செய்திருக்கிறது. கைக்குத்தான் இன்னும் முறை வரவில்லை.

கண் பார்த்ததைக் கை செய்யும் என்று பெரியவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கண் பார்க்கும்போதே கை ஆயத்தமாகிறது. ஆயினும் கையும் ஒரு முறை செய்து பார்த்த பிறகுதான் கண்ணுக்கு முழுவதும் தெரிகிறது. இன்றிரவு உங்கள் வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டுகின்றவர்களின் வாயைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பார்க்கும் உங்கள் வாயும் திறந்திருக்கிறதா என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.